சாரணப் பிள்ளைக்கு முதல் கத்தி: தேர்வு செய்வதும் பழக்குவதும்

பாசறைக்குக் கொண்டுபோக வேண்டிய பொருட்களின் பட்டியல் வீட்டுக்கு வந்தால் போர்வை, டோர்ச், கோப்பை எல்லாம் அன்று பின்னேரமே சேர்ந்துவிடும். 'கத்தி' என்ற வரிக்கு வரும்போதுதான் வீடு யோசிக்கத் தொடங்கும். அம்மா மரக்கறி வெட்டும் கத்தியைப் பழைய துணியில் சுற்றிக் கொடுக்கலாமா என்று பார்ப்பார். அப்பா தேங்காய் வெட்டும் கத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைப்பார். கனடா மாமா, "நான் நல்லதொண்டு வாங்கி அனுப்புறன்" என்பார். மூன்றுமே சரிவராது. மாமாவின் கத்தி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே சொல்லப்போவது மடிக்காத, உறையில் செருகி வைக்கும் சிறிய கத்தி பற்றி. பதினொரு, பன்னிரண்டு வயதில் முதன்முதலாகக் கத்தி பிடிக்கும் பிள்ளையை மனதில் வைத்தே எழுதுகிறேன். மகனுக்கானாலும் மகளுக்கானாலும் இதே முறைதான்.

கடைக்குப் போகுமுன்

சாரண ஆசிரியரிடம் கேளுங்கள். சில குழுக்களில் தனிக்கத்திக்கே அனுமதியில்லை, அணிக்கு ஒன்றுதான். சில இடங்களில் பயிற்சி முடித்த பிறகே கையில் தருவார்கள். "சேர், எந்த அளவு கொண்டு வரலாம், பயணத்தில் யார் வைத்திருப்பது?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் பின்னால் தலையிடி இல்லை.

மடித்து வைக்கும் வில்லுக்கத்தி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்குப் போதும். பழகும் பிள்ளைக்கு அதில் ஒரு சிக்கல். பூட்டு இல்லாத மடிப்புக் கத்தியின் நுனியில் அழுத்தம் விழுந்தால் அது விரல் மேலேயே மடங்கும். அதோடு எங்கள் திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரை மணலில் ஒரு நாள் புரண்டால் மூட்டுக்குள் மணல் புகுந்து திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நிற்கும். மடிக்காத கத்தியில் அசையும் பாகமே கிடையாது. கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது.

முதலில் உறையைப் பாருங்கள்

எல்லோரும் அலகைப் பார்ப்பார்கள். நான் உறையிலிருந்துதான் தொடங்குவேன். மரம் சீவும்போது பிள்ளையின் கவனம் கத்தியில் இருக்கும். உருவும்போதும் திரும்பச் செருகும்போதும் கண் வேறெங்கோ, பேச்சு வேறெங்கோ. கை வெட்டுப்படுவது அப்போதுதான்.

கத்தியை உறையோடு தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். கத்தி விழக்கூடாது. அப்புறம் பிள்ளையிடம் கொடுத்து உருவச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் அந்த உறையும் வேண்டாம், ஏனென்றால் 'டக்'கென்று கழன்று வரும் கத்தி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பெருவிரலால் உறையின் வாயை ஒரு தள்ளுத் தள்ளினால் மெதுவாக விடுபட வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

தோல் உறை அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய ஊர்க் காற்றில் தோல் ஈரத்தையும் உப்பையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மார்கழி மழையில் நனைந்த தோல் உறை காய நாட்கணக்காகும். அதற்குள் இருக்கும் அலகு கறள் பிடிக்கும். முதல் கத்திக்குக் கெட்டியான பிளாஸ்டிக் உறை, அடியில் நீர் வடிய ஒரு துளை. இவ்வளவு போதும். மெல்லிய துணி உறையைத் தொடவே வேண்டாம். நுனி அதைக் கிழித்துக்கொண்டு தொடையில் குத்தும்.

பிடி

உறையில் இருந்தபடியே கத்தியின் பிடியைப் பிள்ளை முழுக் கையாலும் பற்றட்டும். விரல் நுனிகள் உள்ளங்கையை இலேசாகத் தொட வேண்டும். தொடாவிட்டால் பிடி தடிப்பு. நகம் உள்ளங்கையில் அழுந்தினால் மெலிவு. சின்னிவிரல் பிடிக்கு வெளியே தொங்கக்கூடாது.

அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு தடுப்பு மேடு இருக்க வேண்டும். கை முன்னால் வழுக்கினால் சுட்டுவிரல் அதில் முட்டி நிற்கும், கூரில் ஏறாது. அனுபவசாலிகள் சிலருக்கு இந்த மேடு பிடிக்காது, நுணுக்கமான செதுக்கலுக்கு இடைஞ்சல் என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் அது அவர்களுடைய கத்திக்கு.

கையை நனைத்துவிட்டு ஒருமுறை பிடித்துப் பார்ப்பது நல்லது. றப்பர் கலந்த பிடி ஈரத்திலும் நிற்கும். வார்னிஷ் பளபளக்கும் மரப்பிடி வழுக்கும்.

அலகு

நீளம் எட்டிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர். பிள்ளையின் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுக் கூட என்று வைத்துக்கொள்ளலாம். தடிப்பு இரண்டு முதல் இரண்டரை மில்லிமீற்றர். தடித்த கத்திதான் பலமான கத்தி என்ற எண்ணம் கடைக்காரரிடமும் இருக்கும். நாலு மில்லிமீற்றர் தடித்த அலகு மரத்துக்குள் இறங்காமல் திணறும். பிள்ளை பலத்தைக் கூட்டும். பலம் கூடும்போதுதான் கை தவறும்.

கூர் தீட்டியிருக்கும் விதத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அலகின் பக்கத்தில் ஒரே அகலமான சரிவு, நேராக வெட்டு விளிம்பு வரை போய் முடிந்தால் அதை எடுங்கள். கல்லில் வைக்கும்போது அந்தச் சரிவே கோணத்தைக் காட்டிக் கொடுக்கும். இரட்டைக் கூர் வேண்டாம். முதுகுப் பக்கம் மழுங்கலாக இருந்தால்தான் அதில் பெருவிரல் வைத்துத் தள்ளலாம். மிகச் சின்னப் பிள்ளை என்றால் நுனி உருட்டிய கத்திகளும் கிடைக்கின்றன. பாசறை வேலைக்கு நுனி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

இப்போது மாமாவின் கத்தி. பெரும்பாலும் அது முதுகில் வாள் மாதிரிப் பல் வெட்டி, கறுப்புச் சாயம் பூசி, பிடியின் அடியைத் திருகினால் உள்ளே திசைகாட்டியும் தூண்டிலும் வைத்ததாக இருக்கும். பிள்ளைக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வராது. ஆனால் பிடிக்குள் தூண்டில் வைக்க இடமிருக்கிறது என்றால் அங்கே உருக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அலகு பிடியின் வாயிலேயே முடிந்து ஒரு திருகாணியில் நிற்கும். கூடாரத்துக்கு அடிக்கும் முளை ஒன்றை அழுத்திச் சீவினால் அந்த இடத்தில் ஆடத் தொடங்கும். நல்ல கத்தியில் உருக்கு பிடிக்குள் நீளமாக இறங்கும். பிடியின் இரு பக்கமும் தகடு பொருத்தி ஆணி அடித்திருந்தால் விளிம்பில் உருக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். வார்த்த பிடி என்றால் விற்பவரைக் கேளுங்கள். குறைந்தது பிடியின் முக்கால்வாசிக்காவது போக வேண்டும்.

மாமாவை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. என்ன வாங்குவது என்று சொல்லிவிடுங்கள். சுவீடனில் மோரா என்ற ஊர்ப் பக்கம் 1891இலிருந்து கத்தி செய்யும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மோராக்னிவ் என்று அலகில் பொறித்திருக்கும். விலை அதிகமில்லாத, அலங்காரமில்லாத கத்திகள். அதில் கொம்பானியன் என்ற வகையின் அலகு பத்துச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, பிளாஸ்டிக் உறை, வழுக்காத பிடி. விமானத்தில் கைப்பொதியில் வைத்தால் பறிமுதல்தான். ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

என்ன உருக்கு?

ஊர் திருகோணமலை என்பதால் இதற்கு விடை சுலபம்: ஸ்டெயின்லெஸ்.

காபன் உருக்கு தீட்டச் சுலபம் என்று புகழ்வார்கள். மலைநாட்டில் இருப்பவர் அதை வைத்துக்கொள்ளட்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு பட்டணத்தில் இரவு வெளியே மறந்துவிட்ட காபன் கத்தி காலையில் செம்மஞ்சளாக நிற்கும். ஸ்டெயின்லெஸ் உருக்கில் குறைந்தது பத்தரை வீதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி இரும்பை மூடிக்கொள்ளும். அதற்காக அதற்குக் கறளே வராது என்று நினைக்க வேண்டாம். உப்பு நீர் காய்ந்து கிடந்தால் அதிலும் புள்ளி விழும், கொஞ்சம் தாமதமாக.

கம்மாலையில் சொல்லிச் செய்விக்கலாமா? லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தி நல்ல உறுதி, பற்றை வெட்டவும் இளநீர் சீவவும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. பாரமும் தடிப்பும்தான் பிள்ளைக்கு ஒத்துவராது. அதுவும் காபன் உருக்குத்தான். அவசரத்துக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை என்றால் ஹாட்வெயார் கடையில் உறையோடு வரும் சிறிய வேலைக் கத்தி ஒன்றை, மேலே சொன்னபடி பார்த்து எடுங்கள்.

முதல் பின்னேரம், வீட்டு முற்றத்தில்

பாசறையில் உறையைத் திறப்பது முதல் தடவையாக இருக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது பழக்குங்கள்.

உறைக்குள் இருக்கும் கத்தியைப் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். தலைக்கு மேலேயும் பின்னாலும் சேர்த்து. அந்த வட்டத்துக்குள் தம்பி தங்கச்சி, கோழி, நாய் எதுவும் வரக்கூடாது. வந்தால் கத்தி உறைக்குள் போய்விட வேண்டும். உருவிய கத்தியோடு எழும்பி நடக்கக்கூடாது. ஒருவருக்குக் கொடுப்பதென்றால் உறையோடு கொடுப்பது. முடியாவிட்டால் முதுகு உங்கள் உள்ளங்கைப் பக்கமும் கூர் வெளிப்பக்கமும் இருக்கப் பிடித்து, பிடியை நீட்டுவது. வாங்குபவர் "சரி, பிடிச்சிட்டன்" என்று சொன்ன பிறகே விடுவது.

இனி ஒரு கூடார முளை. பூவரசம் கிளை, பெருவிரல் தடிப்பில், ஒரு அடி நீளம். பச்சைக் கம்பாக எடுங்கள். பாலை, முதிரை எல்லாம் வேலிக்குச் சரி, பழகும் கைக்கு அவை கல்.

பிள்ளை தாழ்ந்த கட்டையில் உட்கார்ந்து முன்னால் குனிந்து இரு முழங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றட்டும். இப்போது கத்தி வேலை செய்யும் இடம் முழங்கால்களுக்கு அப்பால் இருக்கும். மடிக்கு மேல் வைத்துச் சீவக்கூடாது. உள்தொடையில் பெரிய நாடி ஓடுகிறது.

முதலில் தோலை மட்டும் உரிக்கட்டும். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக, நீளமான மெல்லிய சீவல்கள். அலகின் நுனியால் கொத்தாமல் பிடிக்குப் பக்கத்து அலகால் சீவினால் பலம் குறைவாகவே தேவைப்படும். கை பழகியதும் அடிமுனையை நாலு பக்கமும் சரிவாகச் சீவிக் கூராக்கலாம். ஊசி போல் கூராக்கினால் தரையில் அடிக்கும்போது நுனி நசிந்துவிடும், சற்று மொட்டையாக விடுங்கள்.

கயிறு மாட்டும் வெட்டுத்தான் இதில் ருசியான வேலை. மேல்முனையிலிருந்து மூன்று விரல் கீழே, கம்புக்குக் குறுக்காக அலகை வைத்து, முதுகில் மற்றக் கையின் பெருவிரலால் தள்ளிக்கொண்டே கம்பை இலேசாக உருட்டினால் நேரான ஒரு வெட்டு விழும். இனி அதற்குக் கீழே இரண்டு விரல் தள்ளியிருந்து அந்த வெட்டை நோக்கி மேல்முகமாகச் சரிவாகச் சீவுவது. ஒவ்வொரு சீவலும் குறுக்கு வெட்டில் வந்து முட்டிக் கழன்று விழும். சீவல் விழாமல் தொங்கினால் குறுக்கு வெட்டு ஆழம் போதவில்லை, அதைத்தான் மறுபடி ஆழப்படுத்த வேண்டும். பிய்த்து இழுக்க விடாதீர்கள். கம்பின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வந்ததும் நிறுத்தலாம். வெட்டுக்கு மேலே நிற்கும் மேட்டில் கயிறு மாட்டி நிற்கும்.

கடற்கரை மணலுக்கு ஒரு அடி முளை காணாது. ஒன்றரை அடியாவது வேண்டும், கம்பும் தடிப்பாக. காற்று எழும்பினால் அதுவும் போதாமல் மணல் நிரப்பிய உரப்பையில்தான் கயிற்றைக் கட்ட வேண்டிவரும்.

கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். ஆழமென்றால், அல்லது இரத்தம் நிற்காவிட்டால், ஆஸ்பத்திரிக்கு. ஏற்பு ஊசி எப்போது போட்டது என்றும் அங்கே கேட்பார்கள்.

தீட்டுவது

மழுங்கிய கத்தி வழுக்கும். ஆகவே தீட்டப் பழக்குவதும் இந்தப் பாடத்துக்குள்தான். ஹாட்வெயார் கடையில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மழமழப்பாகவும் உள்ள கல் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்து, நழுவாமல் இருக்க ஈரத்துணி மேல் வையுங்கள்.

மாக்கர் பேனாவால் அலகின் சரிவு முழுவதையும் கறுப்பாக்குங்கள். சரிவைக் கல்லில் படுக்கவைத்து, மெல்லிய ஒரு தாளைக் கல்லிலிருந்து சீவி எடுக்கப் போவது போல இரண்டு மூன்று தடவை தள்ளிவிட்டுப் பாருங்கள். மை முழுச் சரிவிலும் அழிந்திருந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் முதுகு தூக்கியிருக்கிறது. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, கூர் கல்லைத் தொடவேயில்லை. எந்தப் பிள்ளைக்கும் இதை ஒருமுறை காட்டினால் போதும்.

ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் எழும்பும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாக விரலை இழுத்தால் தட்டுப்படும். வந்ததும் பக்கம் மாற்றி, பிறகு மழமழப்பான பக்கத்தில் சில தடவை, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போக இழுத்தால் பிசிர் போய்விடும். பேப்பர்த் தாள் ஒன்றைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்ட வேண்டும்.

பாசறை முடிந்து வந்ததும்

நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். உறையையும் கழுவிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் மணல், கத்தியைச் செருகும் ஒவ்வொரு தடவையும் கூரைத் தின்னும்.

போகும்போதும் வரும்போதும் கத்தி இடுப்பில் தொங்கக்கூடாது. பையின் அடியில், உடுப்புகளுக்குள். பஸ்ஸில் சோதித்தால் சாரண ஆசிரியர் பேசிக்கொள்வார். கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் சீருடையோடு போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்.

இரண்டொரு வருடத்தில் விறகு பிளக்க வேண்டும், இது சின்னது, பெரிசு வாங்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். அப்போது பெரிய கத்தி வாங்காதீர்கள். ஒரு சிறிய கைக்கோடாலியும், அதைப் பழக்க இன்னொரு பின்னேரமும்தான் தேவை.