அடிபட்ட மீனைக் காப்பாற்றப்போய் நாம் செய்யும் தவறுகள்

மீன் தொட்டியில் வால் கிழிந்த கப்பி மீன் மூலையில் ஒதுங்கி நின்றால் நம் கை உடனே மருந்து பாட்டிலைத் தேடுகிறது. அதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா என்ற நஞ்சாக மாறும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டால் செவுள் சிவந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கு மருந்து கிடையாது. கால் பங்கு தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம்.

அதற்காக மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, தொட்டியில் உள்ள அதே சூட்டில் மெதுவாக ஊற்றுங்கள்.

ஒரு மீனுக்காகத் தொட்டி முழுக்க மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தை ஊற்றுவதும் நல்ல பாக்டீரியாக்களுக்கு இதே கேட்டைத்தான் செய்யும். அடிபட்டதை மட்டும் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்ட சின்ன டப்பாவுக்கு மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரையுங்கள். கப்பி, மோலி மீன்கள் தாங்கும், அடியில் மேயும் கோரிடோரஸ் மீன் அவ்வளவாகத் தாங்காது. அந்த டப்பாவில் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அப்புறம், கடித்தது யார் என்று கண்டுபிடியுங்கள். வாலைக் கடிக்கும் டைகர் பார்ப் மீன் இருக்கும் தொட்டிக்கே திருப்பி விட்டால் ஆறிய வால் மறுபடியும் கிழியும்.

ஒட்டுண்ணியால் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வரும் வெள்ளைப்புள்ளி நோய் மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தொட்டி முழுக்கவே மருந்து வேண்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்துவதுதான் இங்கே பெரிய தவறு. ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, அடியில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அப்படி நீந்தும்போது மட்டும்தான் மருந்து அதைத் தாக்கும். அதனால் மருந்தில் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள்.

சில மீன்கள் பிழைக்காது. நாள்கணக்கில் தீனி தொடாமல், கவிழ்ந்து கிடந்து, மற்ற மீன்கள் கொத்தக் கொத்த அசையாமல் இருப்பதை அப்படியே விட்டுவைப்பது கொடுமை. டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்வதும், உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் அதைவிடக் கொடுமை. அதை வலியில்லாமல் சாகவிட, கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் பால்போலக் கலங்கும்வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரில் முதலில் 2, 3 சொட்டு எண்ணெய் சேரும் அளவுக்கு அந்தக் கலவையை ஊற்றினால் மயங்கிச் சாயும். பிறகு இன்னும் 10 சொட்டு எண்ணெய் சேரும் அளவு. செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் எடுக்காதீர்கள்.

ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். நோய்தான் அங்கே பரவும். செத்த மீனைத் தொட்டியிலேயே ஊறவிடாமல் உடனே எடுத்து, பூந்தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.