ஹீட் எக்ஸ்சேஞ்சர்: நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கெய்ஸ்மர் என்ற ஊரில் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஓலிஃபின் (எத்திலீன், புரோப்பிலீன் போன்ற வாயுக்கள்) ஆலை. 2013 ஜூன் 13 காலை, அங்கே புரோப்பிலீன் டவரின் ரீபாய்லருக்கு, அதாவது டவரின் அடியிலுள்ள திரவத்தைக் கொதிக்கவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு, போகும் சுடுதண்ணீர் ஓட்டம் குறைந்திருந்தது. ஓடுகிற ரீபாய்லரில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். பக்கத்திலேயே இன்னொன்று ஸ்டாண்ட்பையாக நிற்கிறது. அதன் சுடுதண்ணீர் வால்வுகள் திறக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்றே நிமிடத்தில் அதன் ஷெல், அதாவது வெளிக்கூடு, கிழிந்தது. உள்ளே இருந்த புரோப்பேன் வெளியே பாய்ந்து பற்றிக்கொண்டது. இரண்டு பேர் இறந்தார்கள். காயமடைந்ததாகப் பதிவானவர்கள் 167 பேர்.

வெடித்த அந்த ரீபாய்லர் அதற்கு முன் 16 மாதம் சும்மா நின்றிருந்தது.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்பது இரண்டு ஓட்டங்களைக் கலக்காமல் ஒன்றின் சூட்டை மற்றதற்கு மாற்றும் கருவி. ஆலையில் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பம்ப், கம்ப்ரஸர் மாதிரி அதில் எதுவும் சுற்றாது. ஃபர்னஸ் மாதிரி நெருப்பு தெரியாது. லேகிங் (சூடு போகாமல் காக்கும் உறை) போர்த்திக்கொண்டு ஓரமாகப் படுத்துக் கிடக்கும். ஓடும்போது அது பெரும்பாலும் சாதுதான். நிறுத்துவது, கிளப்புவது, கழுவுவது, கழற்றுவது, ஸ்டாண்ட்பையில் விட்டுவைப்பது: ஆளைக் கொல்கிற தவறுகள் அதிகம் நடப்பது இந்த நேரங்களில்தான். இங்கே எழுதுவதும் அவற்றைப் பற்றித்தான்.

ஒரு பக்கத்து வழியெல்லாம் மூடிவிட்டு மறுபக்கம் சூடு காட்டுவது

கெய்ஸ்மரில் நடந்தது இதுதான். சுடுதண்ணீர் ட்யூப் என்ற உள்குழாய்களுக்குள், புரோப்பேன் அவற்றைச் சுற்றியுள்ள ஷெல்லுக்குள். முதலில் இரண்டு ரீபாய்லர்களும் சேர்ந்தே ஓடும்படிதான் அமைத்திருந்தார்கள். ஷெல்லுக்கும் டவருக்கும் நடுவே வால்வு கிடையாது. பிரஷர் ஏறினால் டவரின் மேலே இருக்கும் ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு) வழியாகப் போய்விடும். ஒன்றை ஓட்டிக்கொண்டே மற்றதைக் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று 2001இல் வழியை முழுக்க மூடும் பிளாக் வால்வுகளை நடுவே பொருத்தினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வால்வை மூடிய கணத்திலிருந்து ரீபாய்லருக்கு ரிலீஃப் வழியே இல்லாமல் போனது. காலியாக இருக்கும் என்று நம்பிய ஷெல்லுக்குள், மூடிக் கிடந்த மாதங்களில் எப்படியோ புரோப்பேன் திரவம் வந்து நிறைந்திருந்தது.

வாயு மாதிரி திரவம் அமுங்கிக் கொடுக்காது. ஷெல் முழுக்கத் திரவம் நின்று, போக வழியும் இல்லாமல், மறுபக்கத்தில் சூடு ஏறினால் பிரஷர் நிமிடக் கணக்கில் எகிறும். வெறும் தண்ணீரே இப்படி அடைபட்டால், ஒரு டிகிரி கூடும்போது பல பார் ஏறிவிடும். ட்யூபுக்குள் இருப்பது வெறும் சுடுதண்ணீர்தானே என்று நினைக்கவே கூடாது. கெய்ஸ்மரில் ஷெல்லைக் கிழிக்க அந்தச் சுடுதண்ணீரே போதுமானதாக இருந்தது.

இதே தவறு, 2008 ஜூன் 11, ஹூஸ்டன் நகரத்து குட்இயர் ஆலை. அங்கே ஷெல்லில் அம்மோனியா. முந்தைய நாள் ரிலீஃப் வால்வுக்கு அடியிலிருந்த ரப்ச்சர் டிஸ்க்கை (பிரஷர் மிஞ்சினால் கிழியும் தகடு) மாற்றுவதற்காக ஐசொலேஷன் வால்வை மூடினார்கள். டிஸ்க் மாற்றியாகிவிட்டது, வால்வை யாரும் திறக்கவில்லை. மறுநாள் காலை இன்னொரு ஆபரேட்டர், பிராசஸ் லைனைக் (ஆலையின் ரசாயனம் ஓடும் குழாயை) கழுவுவதற்காக, அம்மோனியா பக்கம் மிச்சமிருந்த வழியையும் மூடிவிட்டு ட்யூபுக்குள் ஸ்டீம் விட்டார். ஏழரை மணி வாக்கில் ஷெல் வெடித்துச் சிதறியது. ஒரு ஊழியர் இறந்தார். ஆள் கணக்கு சரியாக எடுக்கப்படாததால், அவர் உடல் இடிபாட்டுக்குள் கிடந்தது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவந்தது.

இதில் யாரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்க் மாற்ற வால்வை மூடியது சரி. கழுவ ஸ்டீம் விட்டதும் சரி. முதல் வேலையின் மிச்சம் இரண்டாவது வேலை செய்கிறவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் ரிலீஃப் வால்வின் கீழே இருக்கும் எந்த வால்வைத் தொட்டாலும் அன்றைய லாக் புக்கில் எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவரைக் கூட்டிப் போய் அந்த வால்வைக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் திறந்து, பூட்டோ சீலோ போட்டுவிடுங்கள். நிற்கிற எக்ஸ்சேஞ்சரைக் கிளப்பும் முன், ஷெல்லிலிருந்து ரிலீஃப் வால்வு வரை லைனைக் கண்ணால் தொடர்ந்து நடந்து பாருங்கள். பேனலில் தெரிகிற படத்தை நம்பாதீர்கள். கையால் திருகுகிற வால்வு திறந்திருக்கிறதா என்று பேனலுக்குப் பெரும்பாலும் தெரியாது.

ஸ்டாண்ட்பையில் விடுவதாக இருந்தால் டிரெயின் செய்து காலியாக்கிவிட்டு விடுங்கள். ரொம்ப நாள் நிற்குமென்றால் வால்வை மட்டும் நம்பாமல் பிளைண்ட் (குழாயை அடைக்கும் முழுத் தகடு) போடுங்கள். வால்வு கசியும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் கசியும்.

வரிசை மாறுவது

கிளப்பும்போது குளிர்ந்த பக்கம் முதலில். வென்ட்டைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றி, திரவம் தொடர்ந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் சூடான பக்கத்தைத் திறக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நிறுத்தும்போது தலைகீழ்: சூட்டை முதலில் நிறுத்து, குளிர்ந்ததைக் கடைசியில். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் இதை ஒப்பிப்பார்கள். காரணம் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள்.

காரணம் இரும்பு நீள்வதுதான். சூடான பக்கத்தை முதலில் திறந்தால் ட்யூப் சூடேறி நீளும். ஷெல் இன்னும் ஆறிப்போய் நிற்கும். ட்யூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடுதான் ட்யூப்ஷீட். ஃபிக்ஸட் ட்யூப்ஷீட் வகையில் அது இரண்டு முனையிலும் ஷெல்லோடு பற்றவைத்தது, நீள இடமில்லை. ட்யூபை ட்யூப்ஷீட்டில் விரித்துப் பிடித்த இடம் தளரும், இல்லையென்றால் ட்யூப் வளையும். ஒரே தடவையில் உடையாது. பத்துத் தடவை இப்படிக் கிளப்பிய பிறகு ஒரு நாள் கசியும். அப்போது ட்யூப் மட்டமானது என்று விற்ற கம்பெனியைத் திட்டுவோம்.

வரிசை மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு ஆலையைப் பார்க்கலாம். எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயு ஆலை அது. 1998 செப்டம்பர் 25 அன்று சூடான எண்ணெயைச் சுற்றவிடும் பம்புகள் நின்றுபோயின. சூடு வருவது நின்றது, குளிர்ந்த திரவம் வருவது நிற்கவில்லை. வழக்கமாக 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் ரீபாய்லர் ஒன்று மைனஸ் 48 வரை இறங்கி, மேலே பனி படர்ந்து நின்றது. அந்தக் குளிரில் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பார்க்க அதே இரும்புதான், தட்டினால் உடையும். சூட்டைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சூடான எண்ணெயை மறுபடி விட்டார்கள். ரீபாய்லர் பிளந்தது. 2 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள், விக்டோரியா மாநிலம் இரண்டு வாரத்துக்கும் மேல் கேஸ் இல்லாமல் திண்டாடியது. ஆபரேட்டர்கள்தான் தவறு செய்தார்கள் என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. விசாரித்த ராயல் கமிஷன் அதை ஏற்கவில்லை. அந்தக் குளிரில் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்றது.

சாதாரண ஆலைக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஒரு பக்கத்து ஓட்டம் நின்றுபோய் எக்ஸ்சேஞ்சர் இருக்கக் கூடாத அளவுக்குச் சூடாகவோ குளிர்ந்தோ போய்விட்டால், அவசரப்பட்டு மறுபக்கத்தைத் திறக்காதீர்கள். இரண்டையும் நிறுத்துங்கள். பிரஷரை இறக்குங்கள். அது தானாக நடுநிலைக்கு வரட்டும். இன்ஸ்பெக்ஷன் ஆளிடம் கேட்டுவிட்டு அப்புறம் கிளப்பலாம். ஒரு ஷிஃப்ட் உற்பத்தி போகும், போகட்டும்.

ஸ்டீம் வால்வை ஒரே திருப்பில் திறப்பது

டிரெயினியாக இருந்தபோது நானே செய்தது இது. இரவு ஷிஃப்ட், ஒரு ஹீட்டரைச் சீக்கிரம் கிளப்ப வேண்டும். ஸ்டீம் வால்வின் வீலை நாலு சுற்று ஒரே மூச்சில் சுற்றினேன். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் பைப்புக்குள் சம்மட்டியால் அடித்த மாதிரி டம், டம், டம் என்று மூன்று அடி. லேகிங் தகரம் ஆடி அதிலிருந்து வெள்ளைத் தூசி என் தலையில் கொட்டியது. ஃபிளாஞ்ச் கேஸ்கட் பிய்ந்து ஒரு பக்கமாக ஸ்டீம் சீறியது. நான் நின்றது எதிர்ப்பக்கம். இந்தப் பக்கம் நின்றிருந்தால் முகம் வெந்திருக்கும்.

லைனில் நின்ற கண்டென்சேட்தான், அதாவது ஸ்டீம் ஆறித் தண்ணீரானதுதான், காரணம். ஸ்டீம் அதன்மேல் வேகமாகப் பாயும்போது தண்ணீரைக் கட்டியாகச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டீம் லைனில் வேகம் சர்வசாதாரணமாக நொடிக்கு 25, 30 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு வாளித் தண்ணீர் வளைவில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டிரெயினைத் திறந்து தண்ணீர் முழுக்கப் போய் உலர்ந்த ஸ்டீம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பைபாஸில் கொஞ்சமாக விட்டு லைனைச் சூடாக்க வேண்டும். மெயின் வால்வு கடைசியில்தான். டிரெயினில் வெளியே வருவது வெள்ளைப் புகையாகத் துப்பித் துப்பி வந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

கசிவைப் பழகிக்கொள்வது

எனக்கு மிகவும் மனதை உறுத்துகிற விபத்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனகோர்ட்டஸ் ஊரில் நடந்தது. டெசோரோ ரிஃபைனரி, 2010 ஏப்ரல் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். நாஃப்தா யூனிட்டில் இரண்டு வரிசையாக ஆறு எக்ஸ்சேஞ்சர்கள். ஒரு வரிசையைக் கழுவி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளப்பும்போதெல்லாம் ஃபிளாஞ்சுகள் கசிவது அங்கே வாடிக்கையாகிப்போயிருந்தது. அதனால் ஒருவர் பார்க்க வேண்டிய வேலைக்கு அன்று ஏழு பேர் நின்றார்கள். ஓடிக்கொண்டிருந்த வரிசையிலிருந்த எக்ஸ்சேஞ்சர் ஒன்று பிளந்தது. ஏழு பேருமே இறந்தார்கள்.

பிளந்ததற்குக் காரணம் வெளியே தெரிந்த கசிவு இல்லை. அதிக வெப்பத்தில் ஹைட்ரஜன் கார்பன் ஸ்டீலுக்குள் ஊடுருவி, அதிலுள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேனாக மாறி, இரும்பை உள்ளேயே விரிசல் விடச் செய்திருந்தது. அந்த நிலைமையில் கார்பன் ஸ்டீல் தாங்கும் என்றுதான் அப்போதைய வரைபடங்கள் சொல்லின. ஆபரேட்டர் யாரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நோய் அது. ஆனால் அத்தனை பேரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது கசிவுதான். உங்கள் ஆலையில் கிளப்பும்போது கசிந்து, சூடானதும் தானாக நின்றுவிடுகிற எக்ஸ்சேஞ்சர் ஒன்று இருந்தால், அதற்கு இன்றே ஒரு ரிப்போர்ட் போடுங்கள். கிளப்பும் நேரத்தில் வேலை இல்லாதவர்களை அப்பால் போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கூலிங் வாட்டரைக் குறைப்பது

இது மெதுவாகக் கொல்கிற தவறு. மார்கழியில் பிராசஸ் ரொம்பக் குளிர்ந்துபோகிறது என்று கூலிங் வாட்டர் வால்வைக் குறைப்பார்கள். ட்யூபுக்குள் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனால் சேறு படியும். தண்ணீர் சூடேறச் சூடேறக் கால்சியம் கார்பனேட் உப்பாக ஒட்டிக்கொள்ளும். அக்னி நட்சத்திரம் வரும்போது முழுக்கத் திறந்தாலும் குளிராது, அப்போது எல்லோரும் கூலிங் டவரைக் குறை சொல்வார்கள். வெப்பத்தை மட்டுப்படுத்த வேண்டுமென்றால் பிராசஸ் பக்கத்தில் பைபாஸ் கொடுங்கள். தண்ணீரைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் அவுட்லெட் வால்வில் குறையுங்கள், எக்ஸ்சேஞ்சர் நிறைந்தே இருக்கும். நிறுத்தி வைக்கும்போது தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். குறிப்பாக 304 ஸ்டெயின்லெஸ் ட்யூபில், உப்புத் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் போனால் விரிசல் விடும். கடலோர ஆலைகளில் போர் தண்ணீரால் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிப் பிரஷர் ஏற்றிப் பார்ப்பது) செய்யும் முன் குளோரைடு எவ்வளவு என்று லேபில் கேளுங்கள்.

கூலிங் டவர் பேசினில் எண்ணெய் மினுக்கமோ, போட்ட குளோரின் தண்ணீரில் தங்காத நிலையோ தெரிந்தால் எங்கோ ஒரு ட்யூப் ஓட்டை. பிராசஸ் பிரஷர் தண்ணீரைவிட அதிகமாக இருக்கும் கூலர்களை முதலில் தேடுங்கள்.

கேஜ் ஜீரோ காட்டுகிறது என்று கழற்றுவது

சேனல் கவரை (எக்ஸ்சேஞ்சரின் முனையிலுள்ள மூடியை) கழற்றும் முன் எல்லோரும் பார்ப்பது பிரஷர் கேஜைத்தான். முள் பூஜ்யத்தில் நிற்கும், டிரெயினைத் திறந்தால் ஒன்றும் வராது, சரி காலி என்று நட்டைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். கேஜுக்குப் போகிற சின்ன பைப்பிலும் டிரெயினிலும் சேறு அடைத்திருந்தால் இரண்டுமே இப்படித்தான் காட்டும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வயதான ஃபிட்டர் ஒருவர் இருந்தார். டிரெயினில் ஒன்றும் வராவிட்டால் அவர் நம்பவே மாட்டார். பக்கவாட்டில் நின்று, முகத்துக்கு ஷீல்டு போட்டு, டிரெயினுக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நட்டு. அதிலும் தனக்கு எதிர்ப்பக்கத்து நட்டுகளைத்தான் முதலில் தளர்த்துவார், எதையும் முழுக்கக் கழற்ற மாட்டார். ஃபிளாஞ்ச் லேசாக விலகி, உள்ளே இருப்பது ஒன்றுமில்லை என்று தெரியும்வரை எல்லா நட்டும் போல்ட்டில் இருக்க வேண்டும்.

ஒரு முறை நானும் கூட இருந்தேன். கேஜ் ஜீரோ. டிரெயின் சொட்டவில்லை. "கழற்றிடலாமாண்ணே?" என்று ஹெல்பர் கேட்டான். "இருப்பா, கம்பியை எடு," என்றார். ஒரு முழம் கம்பி உள்ளே போனது. முதலில் கருப்புச் சேறு பற்பசை மாதிரி பிதுங்கி வந்தது. அப்புறம் உஸ் என்று ஆரம்பித்த சத்தம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.