முன்னால் போகிறவன் நம் ஆள், விரட்டுவதும் நாமா?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சில்வர் சிட்டியைச் சுற்றி 1987 முதல் டூர் ஆஃப் தி கிலா என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. தொழில்முறை வீரர்கள் ஓட்டும் அதே ஊரில் அமெச்சூர்களும் தங்கள் பிரிவுகளில் ஓட்டுகிறார்கள். முழு வடிவம் ஐந்து நாள்: மொகோயோன் மலையேற்றம், இன்னர் லூப், டைரோன் டைம் ட்ரையல் (ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓட்டுவது), ஊருக்குள் கிரிட்டீரியம் (சிறு சுற்றுப்பாதையில் பல சுற்று ஓட்டுவது), கடைசி நாளில் கிலா மான்ஸ்டர். இப்படிப்பட்ட பந்தயத்துக்கு முதல்முறை அணியாக வருபவர்கள் செய்யும் தவறுகள் இவை. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். டயரில் காற்று பார்க்காதது, முதல் நாளே புது ஷூ போடுவது போன்றவற்றை விட்டுவிடலாம். அவற்றை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் ஆளை நாமே விரட்டுவது

மற்றத் தவறுகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் எரிச்சல் வருகிறது.

அறுபது பேர் கூட்டம். ஐந்து பேர் பிரிந்து முன்னால் போய்விட்டார்கள், அதில் ஒருவர் நம் அணி. பின்னால் நம்மில் நால்வர். யாரும் முன்னால் நின்று காற்றை எதிர்த்து இழுக்காததால் வேகம் குறைகிறது. கால் சும்மா இருக்காமல் நம்மில் ஒருவர் முன்வரிசைக்குப் போய் இழுக்கத் தொடங்குவார். பத்து நிமிடத்தில் முன்னால் போனவர்கள் கண்ணில் படுவார்கள், அதோடு நம் ஆளின் உழைப்பு வீண்.

ஒருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அப்படியென்றால் நீங்கள் முன்னால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எதிரணிக்காரர்களைச் சும்மா சுமக்கிறீர்கள். முன்னால் ஆள் இல்லாத அணிதான் விரட்ட வேண்டும். அது அவர்கள் வேலை.

உங்கள் வேலை வேறு. இரண்டு பேர் முன்வரிசையில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருங்கள். இழுப்பவர் முழங்கையை அசைத்து உங்களை முன்னே வரச் சொன்னால் போகாதீர்கள். "எங்க ஆள் முன்னால இருக்கான்" என்று ஒரு வார்த்தை போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பிரேக் பிடித்து வழியை மறிக்காதீர்கள், அது விபத்தில் முடியும். எதிரணிக்காரர் யாராவது தாவி, அதாவது திடீரென வேகமெடுத்துப் பிரிந்து, முன்குழுவைப் பிடிக்கப் போனால் அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரு முறைகூட இழுக்காதீர்கள். அவர் போய்ச் சேர்ந்தால் முன்னால் நமக்கு இரண்டு பேர். யாரும் போய்ச் சேராமல் கூட்டமே முன்குழுவைப் பிடித்துவிட்டால், பிடிபடுகிற அந்த நொடியில் நம் அடுத்த ஆள் தாவ வேண்டும். விரட்டியவர்கள் மூச்சு வாங்கும் நேரம் அதுதான்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. பல நாள் பந்தயத்தில் மொத்த நேரக் கணக்கும் இருக்கிறது. உங்கள் லீடர் (அணி யாருக்காக உழைக்கிறதோ அவர்) அந்தக் கணக்கில் முதலிடத்தில் இருக்கிறார், முன்குழுவில் ஓர் எதிரணிக்காரர் அவரைவிட 1 நிமிடம் 40 நொடி பின்தங்கியவர் என்று வையுங்கள். இடைவெளி 1:10 என்றால் கவலை இல்லை. 1:40-ஐத் தாண்டினால் அந்த நொடியில் மொத்தக் கணக்கில் அவர்தான் முதலிடம். அன்று வெல்பவருக்கு மொத்த நேரத்தில் 10 நொடி கழித்துக்கொள்ளும் போனஸ் உண்டென்றால் எல்லை 1:30-க்கு இறங்கிவிடும். எல்லையை நெருங்கும்போது இரண்டு பேர் மட்டும் 20, 30 நொடியாக மாறி மாறி இழுங்கள். குழுவைப் பிடிக்க வேண்டாம், இடைவெளி கூடாமல் இருந்தால் போதும். முன்னால் இருக்கும் நம் ஆளும் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த எண்களைக் காலையிலேயே ஒரு பட்டைத் தாளில் எழுதி ஹேண்டில்பார் தண்டில் ஒட்டுங்கள். இதயம் 170 அடிக்கும்போது கழித்தல் கணக்கு வராது.

இடைவெளியை ஊகிப்பது

அமெச்சூர் பந்தயங்களில் பெரும்பாலும் காதில் ரேடியோ கிடையாது. மேட்டு உச்சி, பாலம் என ஏதாவது ஒன்றை முன்குழு கடக்கும்போது கடிகாரம் பார்த்து, நீங்கள் அங்கே வரும்போது மறுபடி பாருங்கள். முன்னால் எத்தனை பேர் என்பதையும் எண்ணிச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 25 அன்று, ரேடியோ இல்லாத பெண்கள் சாலைப் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் தொடக்கத்திலேயே பிரிந்து போய்த் தனியாக வந்து வென்றார். முன்னால் ஒருவர் இருப்பது தெரியாமல் இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன், தானே வென்றதாகக் கைகளை உயர்த்தினார். உலகின் மிகச் சிறந்த அணிக்கே இப்படி ஆகியிருக்கிறது.

லீடர் நின்றால் எல்லோரும் நிற்பது

2013 டூர் டி ஃபிரான்ஸின் 13-ம் கட்டத்தில், மொத்தப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த மோவிஸ்டார் அணியின் லீடர் வால்வெர்தேயின் சக்கரம் உடைந்தது. அணியினர் அவருக்காகப் பின்வாங்கினார்கள். பக்கக் காற்றில் முன்கூட்டம் வேகமெடுத்துவிட்டது, கடைசிவரை பிடிக்க முடியவில்லை. வால்வெர்தே பத்து நிமிடம் அளவுக்கு இழந்தார். முதல் பத்தில் இருந்த அதே அணியின் ரூய் கோஸ்டாவும் அவருக்காக நின்றதால் அதே நேரத்தை இழந்தார்.

நிற்பவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்: சமவெளியில் இரண்டு பேர், மலையேற்றத்தில் சக்கரம் கழற்றிக் கொடுக்க ஒருவர். பட்டியலில் இரண்டாவது நம்பிக்கையாக இருப்பவர் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.

பொருந்தாத மாற்றுச் சக்கரம்

உதவி வண்டியில் நீங்கள் கொடுத்த சக்கரம்தான் திரும்ப வரும். டிஸ்க் பிரேக்கில் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) 160 மில்லிமீட்டரா 140-ஆ என்று ஐந்து சைக்கிளிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். 140-க்கு அமைத்த காலிப்பரில் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) 160 நுழையவே நுழையாது. 160-க்கு அமைத்ததில் 140 நுழையும், ஆனால் பேட் சரியாகப் பிடிக்காது, இறக்கத்தில் அது ஆபத்து. கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) 11 கியரா 12 கியரா என்பதும் அப்படித்தான். சக்கரத்தில் பந்தய எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

கிரிட்டீரியத்தில் பின்வரிசை

பின்னால் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் கூட்டத்தைப் பிடிக்க ஒரு ஸ்பிரிண்ட் அடிக்க வேண்டிவரும். முதல் பதினைந்துக்குள் இருங்கள்.

பரிசுப் பணம்

பணம் கைக்கு வருவதற்கு முன்பே அணிக்குள் பங்கைப் பேசி முடியுங்கள்.

டைம் ட்ரையலில் எல்லோரும் உயிரைக் கொடுப்பது

டைரோன் டைம் ட்ரையல் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். பட்டியலில் அரை மணி நேரம் பின்தங்கிய உதவியாளர் அங்கே 32-ம் இடத்துக்குப் பதில் 20-ம் இடம் வந்து அணிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வென்றவர் நேரத்தைவிட எத்தனை சதவீதம் கூடினால் வெளியேற்றுவார்கள் என்று விதிப்புத்தகத்தில் பார்த்து, அதற்கு இரண்டு நிமிடம் உள்ளே முடித்தால் போதும். அந்தக் கால்கள் கிலா மான்ஸ்டர் நாளில் லீடருக்குத் தேவைப்படும்.