சோடாவை விட்டது இப்படித்தான்

கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் படிக்கும் எனக்குப் பின்னேர விரிவுரை முடிந்தால் சோடா, அதாவது இனிப்புக் குளிர்பானம், வேண்டும். கிளிநொச்சி வெயிலுக்கு அது தேவை என்றே நம்பினேன். தண்ணீர் குடித்தால் கூட்டாளிகள் "காசில்லையோ?" என்பார்கள், அதுவும் ஒரு காரணம்.

ஒருநாள் போத்தலில் இருந்த சிவப்பு வட்டத்தைக் கவனித்தேன். 2016 முதல் இலங்கையில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. என் போத்தல் 400 மில்லிலீற்றர். 44 கிராமுக்கு மேல் என்று கணக்குப் போட்டு, அறையில் தேக்கரண்டியால் சீனியை அள்ளிக் கோப்பையில் போட்டுப் பார்த்தேன். 11 கரண்டி! கோப்பையின் அடியே தெரியவில்லை. அம்மாவுக்கு நீரிழிவு. பயந்துவிட்டேன்.

ஒரேயடியாக விட முடியவில்லை. முதல் கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தேன். அப்புறம் தேசிக்காய்த் தண்ணீர், பிறகு உப்புப் போட்ட மோர். தாகம் உண்மையில் அடங்கியது மோரில்தான். இப்போது அறையில் நாலு பேரும் மோர்ப் போத்தலோடு வகுப்புக்குப் போகிறோம்.