கடலோர இரசாயன ஆலையில் நன்னீர்ச் செலவைக் குறைக்கும் வழிகள்

கடலோரத்தில் இரசாயன ஆலை நடத்துவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, ஆழ்துளைக் கிணற்றை இனி நம்பியிருப்பதில்லை என்பதே. கடற்கரை மணற்பாங்கில் நன்னீர், அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. அதே கணக்கின்படி, இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவர இடம் கிடைக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நடந்தது இதுவே. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் கிணறுகளிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் வயல்களுக்குமாக நீர் இறைக்கப்பட்டதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அவ்வாறு உவர்த்த நிலம் ஓரிரு நல்ல பருவமழையால் மீள்வதில்லை. இழப்பை முதலில் சுமப்பவர்களும் ஆலையினர் அல்லர், அக்கம்பக்கத்து விவசாயிகளே.

அடுத்தது நீர்க்கணக்கு. ஆலைக்குள் வரும் குழாய், கொதிகலன், குளிர்விப்புக் கோபுரம், உற்பத்திப் பிரிவுகள், கழுவுமிடம், உணவகம், வெளியேற்றம் ஆகிய ஒவ்வொன்றிலும் மீட்டர் பொருத்தி, ஒரு வாரத்துக்காவது ஷிஃப்ட்தோறும் அளவைக் குறித்து வர வேண்டும். வருவதற்கும் செலவாவதற்கும் இடையே கணக்கில் வராத நீர் இருந்தால், பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும் நாளில் எல்லாப் பயன்பாட்டையும் மூடிவிட்டுப் பிரதான மீட்டரைப் பாருங்கள். அப்போதும் முள் நகர்ந்தால், மண்ணுக்கடியில் எங்கோ குழாய் ஒழுகுகிறது.

பெரும்பாலான ஆலைகளில் நீரை மிகுதியாகக் குடிப்பது, ஆலையில் சூடேறிவரும் நீரைக் காற்றில் ஆறவைத்துத் திருப்பி அனுப்பும் குளிர்விப்புக் கோபுரம். நேரத்தைச் செலவிட வேண்டிய இடமும் அதுதான். மணிக்கு 1,000 கன மீட்டர் நீர் சுழன்று, 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது என்று கொள்வோம். ஏறத்தாழ 15 கன மீட்டர் ஆவியாகிறது; அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்வதால், உப்புச் செறிவை அடக்க மேலும் கொஞ்சம் நீரை வடித்துவிடுகிறோம் அல்லவா, சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. புதுநீரைப்போல் 3 மடங்கு செறிவில் வடித்தால் மணிக்கு சுமார் 7.5 கன மீட்டர் போகும். 6 மடங்கு வரை செறியவிட்டால் 3 கன மீட்டர் போதும். ஒரு நாளைக்கு 100 கன மீட்டருக்கு மேல் மிச்சம். 8 மடங்கிலிருந்து 10 மடங்குக்குச் செல்வதால் கிடைப்பதோ மணிக்கு அரை கன மீட்டர்தான். அரிப்பும் படிவும் வரும் ஆபத்தை ஏற்று அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. குளோரைடு மிகுந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் ஊசித்துளை விழும். சிலிக்கா மிகுந்தால் வெப்பப் பரிமாற்றிக் குழாய்களில் கண்ணாடிபோல் படியும். ஆகவே மடங்கை உயர்த்துமுன் புதுநீரின் குளோரைடு, சிலிக்கா, கடினத்தன்மை மூன்றையும் சோதித்து, வடிப்பு வால்வைக் கையால் திறந்து மூடும் பழக்கத்தை விட்டு, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் அளவியோடு இணைத்துத் தானாக இயங்கச் செய்ய வேண்டும்.

நீராவி குளிர்ந்து கிடைக்கும் கண்டன்சேட் நீர் சூடாகவும் உப்பின்றியும் இருப்பதால், அதைச் சாக்கடையில் விடுவது நீரையும் எரிபொருளையும் சேர்த்து வீணாக்குவதாகும். வடிகாலிலிருந்து ஆவி எழும் இடங்களைத் தேடிப் பார்த்து, அங்குள்ள ஸ்டீம் டிராப்புகளை (நீராவியைத் தடுத்துக் கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வுகளை) சரிபார்த்து, நீரைக் கொதிகலன் தொட்டிக்குத் திருப்புக. வெப்பப் பரிமாற்றியில் கசிவு ஏற்பட்டால் இரசாயனம் கலந்துவிடும் என்பதால், திரும்பும் குழாயிலும் ஒரு மின்கடத்துதிறன் அளவி தேவை.

இவ்வளவுக்குப் பின்னும் தேவைப்படும் நீருக்கு, கடலைவிட நகரத்தின் கழிவுநீரை முதலில் நாடுவதே முறை. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே சென்னைக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019 முதல் வடசென்னையின் கொடுங்கையூரில், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்கும் (வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் எஞ்சும் அழுக்கை நீக்குவது) ஆர்.ஓ.வுக்கும் (உப்பைத் தடுக்கும் நுண்சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்துவது) பிறகு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வழங்கும் திறனுள்ள நிலையத்திலிருந்து அப்பகுதி ஆலைகளுக்குக் குழாயில் நீர் செல்கிறது. உப்பு குறைந்த இந்நீர், உவர்ப்பேறிய கிணற்று நீரைவிடக் குளிர்விப்புக் கோபுரத்துக்கு ஏற்றது. அதில் எஞ்சியிருக்கும் அம்மோனியாவை மட்டும் கவனிக்க வேண்டும். பித்தளை, செம்புக் கலவைக் குழாய்களை அது அரிக்கும்.

கடல்நீரை நன்னீராக்குவது கடைசிப் படி. ஆர்.ஓ. முறையில் 1,000 லிட்டர் நன்னீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. எடுக்கும் கடல்நீரில் 40 சதவீதம் நன்னீரானால், மீதி 60 சதவீதம் லிட்டருக்கு 35 கிராம் உப்பிலிருந்து ஏறத்தாழ 58 கிராமாகச் செறிந்து வெளியேறும். இந்த அடர்நீர் கனமானது. கலங்காத இடத்தில் விட்டால் கடலடியில் படர்ந்து, அங்கு வாழும் சிப்பிகளையும் புழுக்களையும் அவற்றை உண்ணும் மீன்களையும் பாதிக்கும். எனவே கழிமுகத்திலோ கரையோரத்திலோ விடாமல், நீரோட்டம் உள்ள ஆழத்துக்குக் குழாயைக் கொண்டுசென்று, பல துளைகள் வழியே வேகமாகப் பீய்ச்சிக் கலக்கச் செய்வது அவசியம். எடுக்கும் வாயில் அகலமாக இருந்து, நீர் நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மிகாத வேகத்தில் நுழைந்தால், மீன்கள் வலையில் ஒட்டிச் சாகாமல் நீந்தித் தப்பும்.

உற்பத்திக் கழிவுநீரை இந்த அடர்நீரோடு சேர்த்து நீர்த்துக் காட்டுவது கூடாது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன் அளவு) வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம், கடலோரத்துக்கு 100 மில்லிகிராம் என்று விதி தளர்வாக இருப்பதால், கடல் எதையும் ஏற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்பு மிகுந்த கழிவையும் குறைந்த கழிவையும் பிறக்குமிடத்திலேயே தனித்தனிக் குழாயில் பிரித்தால், உப்புக் குறைந்ததை எளிதில் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம். இரண்டும் கலந்தபின் மொத்தத்தையும் ஆவியாக்கிப் பிரிக்க வேண்டிவரும், அதன் எரிபொருள் செலவு பல மடங்கு.

மாதந்தோறும் ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை கன மீட்டர் நன்னீர் செலவாயிற்று என்பதைக் கணக்கிட்டுப் பிரிவுவாரியாகக் கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைப்பதோடு, வெளியேற்றக் குழாயைச் சுற்றிக் குறித்த இடங்களில் கடல்நீரின் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் ஆகியவற்றையும் அளந்து, அந்த அளவுகளை அருகிலுள்ள மீனவக் கிராமங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு நெருங்கி வரும், எங்கு குஞ்சு பொரிக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். அளக்கும் இடங்களையும் நாட்களையும் அவர்களைக் கேட்டே முடிவு செய்யலாம்.