அமெரிக்கக் கார் நிறுவனத்தின் நிதிநிலையை ஆண்டறிக்கையிலிருந்து கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கார் நிறுவனங்கள் பற்றிய செய்திகளில் முதலில் கண்ணில் படுவது நட்டத் தொகைதான். அதை மட்டும் வைத்து ஒரு நிறுவனம் பிழைக்குமா, மூழ்குமா என்று முடிவுகட்ட முடியாது. பங்கு வாங்க நினைப்பவரானாலும், அந்நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து தரும் ஆலையில் வேலை பார்ப்பவரானாலும், 'டென்-கே' எனப்படும் ஆண்டறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, அதில் கைக்கு வந்த பணத்தையும் கையைவிட்டுப் போன பணத்தையும் காட்டும் பணப்புழக்க அறிக்கையை முதலில் படிக்க வேண்டும்.

இதற்கு ஜெனரல் மோட்டார்ஸே சான்று. 2007இல் அது காட்டிய நட்டம் சுமார் 3,870 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி, பின்னாளில் கிடைக்கும் என்று கணக்கில் வைத்திருந்த வரிச்சலுகையின் மதிப்பை நீக்கியதால் வந்தது; அதற்காகக் கல்லாவிலிருந்து பணம் எதுவும் வெளியேறவில்லை. மறு ஆண்டு நட்டம் சுமார் 3,090 கோடி டாலராகக் குறைந்தது. ஆனால் நிறுவனத்தைச் சாய்த்தது அந்த ஆண்டுதான். 2008 செப்டம்பர் இறுதியில் கையிருப்பு ஏறக்குறைய 1,620 கோடி டாலர். அந்தக் காலாண்டில் மட்டும் கரைந்தது 690 கோடி. அன்றாட இயக்கத்துக்கே 1,100 முதல் 1,400 கோடி தேவை என்று நிறுவனமே கூறியிருந்தது. கழித்துப் பார்த்தால் இன்னொரு காலாண்டுகூடத் தாங்காது என்பது புரிந்துவிடும். அப்படியே டிசம்பரில் அரசுக் கடன் தேவைப்பட்டது; 2009 ஜூன் 1 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. எந்த நிறுவனத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்.

பணம் இவ்வளவு வேகமாக வற்றுவதற்குத் தொழிலின் அமைப்பே காரணம். கார் ஆலையை விட்டு டீலருக்குக் கிளம்பியதுமே நிறுவனத்துக்குப் பணம் வந்துவிடுகிறது. உதிரிபாகம் தந்தவருக்கோ சில வாரங்கள் கழித்துத்தான் பணம் தரப்படுகிறது. விற்பனை வளரும்போது இந்த இடைவெளியே இலவசக் கடனாகிறது. உற்பத்தி குறையும்போது புது வரவு நின்றுபோக, பழைய பில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கின்றன. அமெரிக்காவில் 2009இல் விற்ற வாகனங்கள் சுமார் 1 கோடியே 4 லட்சமே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1 கோடியே 60 லட்சத்தையும் தாண்டியிருந்தது.

அடுத்து, டீலர்களிடம் தேங்கியுள்ள கார்களைக் கவனியுங்கள். டீலருக்கு அனுப்பியதையே நிறுவனம் வருவாயாக எழுதிக்கொள்வதால், வாங்க ஆளில்லாத கார்களும் சில காலம் நல்ல விற்பனையாகவே தோன்றும். கிரைஸ்லர், ஜீப் ஆகியவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ், 2024இல் அமெரிக்க டீலர்களிடம் அளவுக்கு மீறிக் கையிருப்பைக் குவித்துவிட்டு, பின்னர் தள்ளுபடி தந்தும் அனுப்புவதைக் குறைத்தும் திணறியது. தலைமை நிர்வாகி கார்லோஸ் தவாரெஸ் அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பதவி விலகினார்.

கடனைப் பார்க்கும்போது பதற வேண்டாம். ஃபோர்டின் மொத்தக் கடன் 15,000 கோடி டாலரைத் தாண்டினாலும், பெரும்பகுதி கார் வாங்குவோருக்குக் கடன் தரும் ஃபோர்டு கிரெடிட்டுடையது. அதற்கு ஈடாக வாடிக்கையாளர் கட்ட வேண்டிய தவணைகள் இருக்கின்றன. அதை ஒதுக்கிவிட்டு, வாகனத் தொழிலின் கடனில் எந்த ஆண்டில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற அட்டவணையைப் படியுங்கள். 2006இல் ஃபோர்டு தன் நீல முட்டைவடிவச் சின்னம் உட்படச் சொத்துகளை அடமானம் வைத்து ஏறக்குறைய 2,360 கோடி டாலர் திரட்டியது. அன்று அவமானமாகத் தெரிந்த அந்தக் கடன்தான் அந்நிறுவனத்தைத் திவாலிலிருந்து காத்தது என்பது என் உறுதியான கருத்து. ஓய்வூதியக் கடப்பாடுகளையும் இதே இடத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

எதிர்காலத்தைக் கணிக்கப் பிரிவுவாரிக் கணக்கே உதவும். ஃபோர்டின் மின்வாகனப் பிரிவான 'மாடல் இ' 2024இல் சுமார் 510 கோடி டாலர் இழந்தது. வணிக வாகனப் பிரிவான 'ஃபோர்டு புரோ' ஏறக்குறைய 900 கோடி இலாபம் ஈட்டியது. மின்கார் வாங்குவோருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. இறக்குமதி வாகனங்கள் மீதான 25 சதவீதக் கூடுதல் வரி அதே ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. ஆகவே புதிய அறிக்கை வரும்போதெல்லாம், இழக்கும் பிரிவின் நட்டத்தை ஈட்டும் பிரிவின் இலாபம் இன்னும் ஈடுகட்டுகிறதா என்று பாருங்கள். சென்னை வாசகர்களுக்கு இதன் அருமை தெரியும்: மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தபோது சொன்ன காரணம், இந்தியாவில் பத்து ஆண்டுகளில் சேர்ந்துவிட்ட 200 கோடி டாலருக்கும் மேலான இயக்க நட்டம்.