ஆயிரத்து நூறு ரூபாய் கேரம் போர்டும் ஆறு நாள் வேலையும்

போன கோடை விடுமுறையில் என் மகளுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கினேன். 32 அங்குலம், 1,100 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தேன். எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது, பாதி வழியில் நின்றுவிட்டது. மெதுவாகத் தள்ளிய காய், நேராகப் போகாமல் நடுப்பக்கம் வளைந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

நான் புது வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள். அப்பா கூட்டிப்போன மன்றத்தில் பத்து வயதிலிருந்து ஆடினேன், மாவட்டப் போட்டி வரைக்கும் போனேன். எங்கள் பக்கத்தில் கேரம் என்பது மழைநாள் பொழுதுபோக்கு இல்லை. 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். உலகச் சாம்பியன் இளவழகி வியாசர்பாடி. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். போட்டிக்குரிய நல்ல போர்டு வாங்க இன்று பல ஆயிரம் வேண்டும். வீட்டில் சின்ன போர்டில் தொடங்கும் பிள்ளைக்குப் பலகை பொய் சொல்லக் கூடாது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த போர்டை எடுத்தவுடன் எல்லோரும் மேல்பக்கத்தைத் தேய்த்து பாலிஷ் போடத்தான் பார்க்கிறார்கள். வேலை தொடங்க வேண்டியது அடிப்பக்கத்தில். பலகை மட்டமாக இல்லாவிட்டால் எத்தனை லாக்கர் அடித்தாலும் காய் வளைந்துதான் போகும்.

வாங்கும்போதே 26 அங்குலத்தைத் தவிர்த்துவிடுங்கள். 32 அங்குலத்தில் ஒன்றரை அங்குலச் சட்டம் இரண்டு பக்கமும் போக 29 அங்குலம் மிஞ்சும், அதாவது 74 சென்டிமீட்டருக்குப் பக்கம். போட்டி விதியில் சொல்லும் ஆடுகளமும் 73.5-லிருந்து 74 சென்டிமீட்டர்தான். பழகும் தூரம் சரியாக இருந்தால் பிள்ளை நாளைக்குப் பெரிய போர்டுக்குப் போகும்போது கை தடுமாறாது.

சரி, குறை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். போர்டைத் தரையில் வைத்து, இரண்டடி ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைப் பலகையின் நடுவில் நிறுத்துங்கள். ஸ்கேலுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைவிட்டத்திலும் பாருங்கள். எங்கள் போர்டில் நடுவில் மூன்று விசிட்டிங் கார்டு சேர்ந்து நுழைந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கேட்கச் சின்ன அளவு, ஆனால் மெதுவாகப் போகும் காய்க்கு அது ஒரு பள்ளத்தாக்கு. திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்தது: 4 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சட்டத்தின் அடியில் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். நடுவில் தாங்க ஒரே ஒரு குறுக்குக் கட்டை, அதுவும் இரண்டு முனையில் மட்டும் ஆணி. போட்டி போர்டில் பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அதனால் அடியில் இன்னொரு 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை முழுசாக ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு மெல்லிய பலகைகளை மட்டமாக வைத்து ஒட்டிக் காயவிட்டால், காய்ந்தபின் அந்த மட்டத்திலேயே நிற்கும். மரப் பட்டறையில் 32 அங்குலச் சதுரமாக வெட்டியே கொடுத்தார்கள்.

பழைய குறுக்குக் கட்டையையும் நான்கு வலைகளையும் கழற்றுங்கள். புதுப் பலகையை அடியில் வைத்து, மேலிருந்து பாக்கெட் ஓட்டை வழியாகப் பென்சிலால் வட்டம் போட்டு, அதைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். வலையை ஆணி அடிக்க அந்த இடம் வேண்டும்.

இப்போது சொல்லப் போவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒட்டும்போது போர்டைக் கவிழ்த்துப் போடுவோம். ஆனால் சட்டம் பலகையைவிட 20 மில்லிமீட்டர் உயரம். கவிழ்த்தால் சட்டம் தரையில் நிற்கும், பலகை அந்தரத்தில் தொங்கும். அதன் மேல் பாரம் ஏற்றினால் பலகை தரைப்பக்கம் வளைந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும், நிமிர்த்தினால் நடுவில் மேடாக நிற்கும். அதனால் உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். நான் பட்டறையில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, சட்டத்துக்குள் அடங்கும்படி 28 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொண்டேன். அதை மொசைக் தரையில் போட்டு, மேலே செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, போர்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். தாள் குறைவாக இருந்தால் பலகை இன்னும் தொங்கும். அதிகமானால் சட்டம் தரையைத் தொடாது, பலகை எதிர்ப்பக்கம் புடைக்கும். சட்டத்தின் அடியில் ஒரு தாளைச் செருகி இழுத்தால், கிழியாமல், ஆனால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் சரியான உயரம். எனக்கு அந்த இடத்துக்கு வர அரை மணி நேரம் ஆனது. ஆறு நாள் வேலையில் பலன் தந்தது அந்த அரை மணி நேரம்தான் என்று இன்றும் சொல்வேன்.

அப்புறம் ஃபெவிகாலைப் பழைய ஹாக்சா பிளேடின் பல் பக்கத்தால் மெல்லியதாக, ஒரு இடம் விடாமல் இழுத்துப் பரப்புங்கள். கை வேகமாகப் போக வேண்டும், வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகிவிடும். பலகையை வைத்து, அதன் மேல் பாரம் பரவ இன்னொரு தட்டைப் பலகை, அதற்கு மேல் இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன், நடுவில் அரிசி மூட்டை. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். அடுத்த நாள் சட்டத்தைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அடியிலிருந்து ஒரு அங்குல ஸ்க்ரூ போடலாம். 10 மில்லிமீட்டர் பலகை போக, 15 மில்லிமீட்டர் சட்டத்துக்குள் இறங்கும், மேலே எட்டிப் பார்க்காது. முதலில் மெல்லிய டிரில்லால் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். ஆடும் பகுதியின் அடியில் மட்டும் ஸ்க்ரூ வேண்டாம். அங்கே முக்கால் அங்குல ரீப்பர் கட்டைகளை (நீளமான மெல்லிய மரச்சட்டங்கள்) நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, சேரும் இடத்தில் பாதிப் பாதி வெட்டிக் கோத்து ஃபெவிகாலால் மட்டும் ஒட்டினேன். இதற்கும் அதே முட்டு, அதே பாரம்.

அடுத்தது சட்டம். ஸ்ட்ரைக்கர் பாதியில் நின்றதற்குப் பலகையின் சொரசொரப்பு பாதிக் காரணம். மீதி சட்டத்தின் எடை. மெலிந்த சட்டம் அடியை வாங்கி அதிர்கிறது, ஸ்ட்ரைக்கரின் வேகம் அந்த அதிர்விலேயே கரைந்துவிடுகிறது. மூலைகளைக் கையால் திருகிப் பாருங்கள். கிரீச்சென்றால் இணைப்பு விட்டிருக்கிறது. ஃபெவிகாலில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து, ஊசி போடும் சிரிஞ்சால் விரிசலுக்குள் ஏற்றி, கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். சட்டமும் பலகையும் சேரும் கோட்டிலும் தாள் நுழையும் இடங்களில் இதையே செய்யலாம், ஆடுகளத்தில் வழிவதை ஈரத் துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். பிறகு வெளிப்பக்கம் நாலாபுறமும் ஒன்றரை அங்குல அகலத்தில் கெட்டியான மரச்சட்டம் ஒன்றை ஒட்டி ஸ்க்ரூ போட்டேன். பழைய கதவு நிலையிலிருந்து அறுத்த மரம், பட்டறையில் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. போர்டின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ஸ்ட்ரைக்கர் பட்டால் முன்பு வந்த டப் சத்தம் போய், டக்கென்று வெட்டினாற்போலக் கேட்டது.

பாக்கெட்டின் உள்விளிம்பில் சிலும்புகள் இருந்தால் காய் தட்டி வெளியே வரும். ஒன்றேகால் அங்குல பிவிசி பைப் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகுங்கள், விளிம்பு வழவழப்பாகும். பாக்கெட்டின் குறுக்களவு 4.45 சென்டிமீட்டர், அதற்கு மேல் அகலப்படுத்திவிடாதீர்கள். வலை பத்து காயாவது தாங்கும் ஆழத்தில் இருக்கட்டும்.

இப்போதுதான் மேல்பக்கம். விலை குறைந்த போர்டில் மேலே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய மரத்தோல். கோடுகளும் அதன் மேல்தான் அச்சாகியிருக்கும். மெஷின் போட்டுத் தேய்த்தால் இரண்டும் போய்விடும். ஒரு தட்டையான மரக்கட்டையில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, மர ரேகை போகும் திசையிலேயே, கை பாரம் கொடுக்காமல் இழுங்கள். உள்ளங்கையால் தடவினால் எங்கும் முள் தட்டக் கூடாது, அவ்வளவு போதும். தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கோட். காய்ந்ததும் மறுபடி 400. பிறகு தின்னர் கலந்த லாக்கர் மூன்று கோட். பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் பொதிந்து, ஒரே திசையில், போன இடத்துக்குத் திரும்பிப் போகாமல் இழுக்க வேண்டும். கோட்டுக்குக் கோட்டு இரண்டு மணி நேரம் விட்டு, நடுவில் 600 நம்பரால் ஒரு தடவல். இதை மொட்டை மாடியில் செய்யுங்கள். தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரியும் வீட்டுக்குள் டப்பாவைத் திறக்கவே கூடாது.

அதே சீலரை அடிப்பக்கத்திலும் இரண்டு கோட் அடியுங்கள். யார் கண்ணுக்கும் தெரியாத பக்கம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் கடல் காற்று, மழைக்காலம் வேறு. மேல்பக்கம் மட்டும் மூடியிருந்தால் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும், பலகை மெல்ல வளையும். இவ்வளவு பாடுபட்டு ஒட்டிய மட்டம் ஐப்பசியோடு போய்விடும்.

லாக்கர் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உடனே ஆடாதீர்கள். நான் மறுநாளே மகள் கேட்கிறாள் என்று பவுடர் தூவினேன். ஸ்ட்ரைக்கர் போன வழியெல்லாம் பவுடர் லாக்கரில் பதிந்து வெள்ளைக் கோடாக நின்றது. அதைத் தேய்த்து எடுத்து மறுபடி ஒரு கோட் போட இரண்டு நாள் போனது. மூக்கை வைத்து மோந்தால் தின்னர் வாடை அறவே வரக் கூடாது. அதுவரை பொறுங்கள்.

பவுடர் என்றால் போரிக் பவுடர்தான். முகத்துக்குப் போடும் பவுடர் ஈரம் பிடித்துத் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். மெல்லிய துணியில் முடிச்சுக் கட்டித் தட்டினால் சீராக விழும், சிட்டிகை போதும். வாய்க்குள் போகக் கூடாத பொருள் அது. ஆட்டம் முடிந்ததும் கை கழுவிய பிறகுதான் பிள்ளைகளுக்குப் பலகாரம்.

போர்டோடு வந்த காய்களை நகைக் கடை அண்ணாவிடம் கொடுத்து எடை போட்டேன். இருக்க வேண்டியது 5-லிருந்து 5.5 கிராம். மூன்று கிராமிலிருந்து நாலரை வரை ஆளுக்கொரு எடையாக இருந்தன. இதில் சரிசெய்ய எதுவும் இல்லை, நல்ல மரக்காய் ஒரு செட் வாங்கிவிட்டேன். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் கனமானதைக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள், விரல் அதற்குப் பழகிவிடும். ஸ்டாண்டின் உயரம் 63-லிருந்து 70 சென்டிமீட்டர். நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடும் காலுக்கு அடியில் அட்டை செருகுங்கள். விளக்கு போர்டின் நடுவுக்கு நேர் மேலே, மூடி போட்டுத் தொங்கட்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் காயின் நிழல் கண்ணை ஏமாற்றும்.

கடைசிச் சோதனை விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், பலகையின் குறுக்கே குறைந்தது மூன்றரை தடவை போய்வர வேண்டும். ஆறாம் நாள் சாயங்காலம் நான் அடித்தேன், மகள் சத்தம் போட்டு எண்ணினாள். மூன்று முழுசாகப் போய்வந்து, நான்காவது தடவை எதிர்ச் சட்டத்தைத் தொட்டு, திரும்பும் வழியில் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அவள் அடித்தாள், இரண்டே முக்கால். மறுபடி அடித்தாள்.

ஆடாத நேரத்தில் போர்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் நான்கு செங்கல் வைத்து, அதன் மேல் மட்டமாகப் படுக்கவைத்து, பழைய பருத்திப் புடவையால் மூடிவிடுகிறோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை ஸ்கேலையும் டார்ச்சையும் எடுத்து அதே நடு இடத்தில் பார்க்கிறேன். இந்தத் தை மாதம் பார்த்தபோது ஒரு கார்டுகூட நுழையவில்லை.